தனியாக வாழும் முதியவரின் வீடு: திருடனுக்கு மூடுவதும் உதவிக்குத் திறப்பதும்

கும்பகோணத்தில் என் பெரியம்மா தனியாக வசித்தது திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று ரயில் பெட்டிபோல் நீளும் பழைய வீடு. அதே தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்த பிறகு நான் ஊருக்குப் போய், கூடவே நின்று, வாசற்கதவுக்கு மேலும் நடுவிலும் கீழுமாக மூன்று தாழ்ப்பாள்கள் போடவைத்தேன். முற்றத்தின் திறந்த வாய்க்கும் இரும்புக் கம்பி வலை அடிக்கச் செய்தேன். ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, விடியற்காலை ஐந்து மணிக்குக் கொல்லைக் குளியலறையில் அவர் வழுக்கி விழுந்தார். வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் எட்டு மணிக்கு வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டாரை அழைத்தார். அவர்கள் ஓட்டின்மேல் ஏறி முற்றத்து வழியாக இறங்கப் பார்த்து, வலை தடுத்ததால் திரும்பி வந்து, கடைசியில் பின்பக்கச் சந்து வழியாகப் போய்க் கொல்லைக் கதவைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தபோது மணி ஒன்பதரை ஆகியிருந்தது. திருடனுக்காக நான் போட்ட தாழ்ப்பாள்கள் அன்று தடுத்து நிறுத்தியது உதவிக்கு வந்தவர்களைத்தான்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தும் பெரியம்மா பிழைத்துக்கொண்டார். அவருடைய வீட்டையும், பின்னர் என் அம்மாவின் வீட்டையும் ஒழுங்குபடுத்தியபோது நான் கற்றுக்கொண்டதை, இந்த வேலையை முதன்முறையாகத் தொடங்குபவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். பூட்டு, கேமரா, பொத்தான் என்று எதை வாங்குவதற்கு முன்பும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது யாரைத் தடுக்கும், அவசரத்தில் இதை வெளியிலிருந்து திறக்கக்கூடியவர் யார்? இரண்டாவது கேள்விக்கு ஓர் ஆளின் பெயரைப் பதிலாகச் சொல்ல முடியவில்லையென்றால், அந்தப் பொருளை இன்னும் வாங்க வேண்டாம்.

முதலில் இரண்டு இரவுகள் தங்குங்கள்

திட்டம் கடையில் தொடங்குவதில்லை. முதியவரின் வீட்டில் குறைந்தது இரண்டு இரவுகள் தங்கி, எழுவது முதல் படுப்பது வரை அவருடைய ஒரு நாளை அருகிலிருந்து பாருங்கள். அவர் எதைப் பிடித்துக்கொண்டு எழுகிறார், எந்தப் படியில் தயங்குகிறார், பால் வாங்க எந்தக் கதவைத் திறக்கிறார், அப்போது மற்றக் கதவுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு விளக்கைப் போடாமல் படுக்கையிலிருந்து குளியலறை வரை நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். பகலில் கண்ணில் படாத நிலைப்படியும், ஓரம் சுருண்ட மிதியடியும், தரையில் ஓடும் டேபிள் ஃபேன் வயரும் அப்போது காலில் தட்டுப்படும்.

செய்யப்போவதை அவரிடம் கலந்து பேசாமல் எதையும் மாற்றாதீர்கள். நாற்பது ஆண்டுகளாக வீட்டை ஆண்டவரிடம் போய், 'இனிமேல் இதைத் தொடாதீர்கள், அதைச் செய்யாதீர்கள்' என்று பட்டியல் போட்டால், நீங்கள் ரயில் ஏறிய மறுநாளே எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அவருக்கு எது பயம், எது தொந்தரவு என்று அவர் வாயாலேயே கேளுங்கள். என் அம்மா திருடனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மாடிப்படி விளக்கின் சுவிட்ச் மேல்படியில் மட்டும் இருப்பதுதான் அவருடைய குறை. இரண்டு பக்கமும் சுவிட்ச் போட்டுக் கொடுத்த பிறகே நான் சொன்ன மற்றவற்றுக்கு அவர் காது கொடுத்தார்.

விழுவதற்கு வாய்ப்புள்ள இடங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். இவர்களில் அறுபது வயதைக் கடந்தவர்களே மிகுதி. தனியாக இருப்பவருக்கு விழுவதைவிட, விழுந்தபின் எழ முடியாமல் நெடுநேரம் தரையில் கிடப்பது பெரிய ஆபத்தாகிவிடுகிறது. உடல் அழுந்திய இடத்தில் தசை சிதைந்து, நீர்ச்சத்தும் குறைந்து, சிறுநீரகம் பாதிக்கப்படும் அளவுக்கு அது போகலாம். எனவே வேலையைக் குளியலறையிலிருந்து தொடங்குங்கள்.

குறைந்தது இரண்டு கைப்பிடிக் கம்பிகள் தேவை: ஒன்று கழிப்பறை இருக்கைக்குப் பக்கத்தில், மற்றொன்று குளிக்குமிடத்தில். தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம் பொதுவான அளவு. ஆனாலும் அவரையே நிற்கவும் உட்காரவும் சொல்லி, கை இயல்பாகப் போய்ப் பதியும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கே பொருத்துவதுதான் சரியாக வரும். கம்பியைச் சுவரில் துளையிட்டு ஆங்கர் போல்ட் வைத்து முடுக்க வேண்டும். ரப்பர் உறிஞ்சியால் டைல்ஸில் ஒட்டும் வகை, பிடித்துத் தொங்கும்போது கழன்றுவிடும். துண்டு போடும் கம்பியை எவரும் பிடிமானமாக நம்பக் கூடாது. பெரியம்மா அன்று பிடித்தது அதைத்தான், அது ஆணியோடு அவர் கையில் வந்துவிட்டது.

வழவழப்பான டைல்ஸை மாற்ற வசதியில்லையென்றால், தரையோடு ஒட்டி நிற்கும் ரப்பர் விரிப்பு போடுங்கள். நிறைந்த வாளி இருபது கிலோ வரை இருக்கும். அதைத் தூக்கி நகர்த்த வேண்டிய தேவையே வராதபடி, குழாய்க்கு அருகில் ரப்பர் கால் வைத்த நாற்காலியைப் போட்டு, உட்கார்ந்தபடி குளிக்கப் பழக்குங்கள். படுக்கையிலிருந்து குளியலறை வரை, இருட்டினால் தானே எரியும் சிறிய விளக்குகளைச் சுவர் பிளக்குகளில் செருகிவையுங்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம் என்பதால், கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்த பிறகே நிற்கும் பழக்கம் வேண்டும். மாத்திரையை எந்த நேரத்தில் எடுத்துக்கொள்வது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீர் பிரியச் செய்யும் மாத்திரையை இரவில் எடுத்துக்கொண்டு நான்கு முறை எழுந்து நடப்பவர்களும் இருக்கிறார்கள்.

குளியலறைக் கதவை எத்தனையோ வீடுகளில் யாரும் யோசிப்பதேயில்லை. உள்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால், விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து எவ்வளவு தள்ளினாலும் திறக்காது, மீறித் தள்ளினால் அவருக்கே அடிபடும். தச்சரை அழைத்து அதை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுவது அரைநாள் வேலை. உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும் வகைத் தாழ்ப்பாளைப் போடுங்கள். தனியாக இருக்கும்போது தாழிடவே வேண்டாம் என்று சொன்னால், வேலைக்கு ஆள் வரும் நேரத்தில் கூச்சமாக இருக்கும் என்பார்கள்; கதவின் வெளிப்பக்கக் கைப்பிடியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள் வைத்துக்கொள்ளலாம். அம்மாவின் வீட்டில் ஒரு பச்சைத் துண்டு இதற்கென்றே இருக்கிறது.

கதவுகள்: ஒன்று உதவிக்கு, மற்றவை முழுக் காவலுக்கு

எல்லாக் கதவுகளையும் ஒரே மாதிரி பூட்டக் கூடாது. வீட்டில் ஏதேனும் ஒரு கதவை, பெரும்பாலும் வாசற்கதவை, உதவிக்கான கதவு என்று முடிவு செய்யுங்கள். அந்தக் கதவில் வெளியே சாவியாலும் உள்ளே குமிழைத் திருகியும் திறக்கும் நல்ல பூட்டு ஒன்று மட்டும் இருக்கட்டும். இரவில் மேல்தாழ்ப்பாள், கீழ்த்தாழ்ப்பாள், குறுக்குக் கட்டை எதையும் அதில் போடக் கூடாது. 'அப்படியானால் பாதுகாப்பு?' என்று கேட்டால், கதவின் தரத்திலும் அதற்கு வெளியே உள்ள கிரில் கேட்டிலும் செலவிடுங்கள் என்பேன். கொல்லைக் கதவு, மொட்டை மாடிக் கதவு, பக்கவாட்டுச் சந்துக் கதவு ஆகியவற்றுக்கு உள்ளிருந்து எத்தனை தாழ்ப்பாள் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். மொட்டை மாடிக் கதவுதான் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் கிடக்கும். வாசலில் பெரிய பூட்டைத் தொங்கவிட்டுவிட்டு, மாடியில் வடகம் காயவைத்த கையோடு கதவை வெறுமனே சாத்திவிட்டு வருவது எல்லா வீடுகளிலும் நடப்பது.

பூட்டை வாங்கும்போது ஒரு சோதனையைச் செய்தே ஆக வேண்டும். சில பூட்டுகளில், உள்பக்கத் துளையில் சாவி செருகியிருந்தால் வெளியிலிருந்து மாற்றுச் சாவி நுழையாது, நுழைந்தாலும் திரும்பாது. முதியவர்கள் சாவி தொலைந்துவிடக் கூடாது என்று உள்பக்கத் துளையிலேயே விட்டுவைப்பது வழக்கம். அப்படிப்பட்ட பூட்டாக இருந்தால், பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்த சாவியால் ஒரு பயனும் இல்லை. உள்ளே சாவிக்குப் பதில் குமிழ் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் இந்தச் சிக்கல் வராது.

கிரில் கேட்டின் பூட்டு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் கைக்கு எட்டும்படி தொங்க வேண்டும். அதன் சாவியைப் பூஜை அறையிலோ தலையணைக்கு அடியிலோ வைக்காமல், கதவுக்கு அருகில், ஆனால் கிரில் வழியாகக் கைவிட்டாலும் எட்டாத தூரத்தில், ஓர் ஆணியில் மாட்டிவையுங்கள். தீப்பிடித்தால் அவர் வெளியேறும் வழியும் அதுதான் என்பதை நினைவில் வையுங்கள்.

கதவில் பீப்ஹோல் வைக்கச் சொன்னால் தச்சர் தன் கண் உயரத்துக்குத் துளை போட்டுவிட்டுப் போய்விடுவார். வயதில் சற்றுக் குறுகிப்போன ஒரு பெண்மணி அதில் பார்க்க நுனிக்காலில் எக்கி நிற்க வேண்டியிருக்கும், அல்லது பார்க்காமலேயே திறப்பார். அவருடைய கண் உயரத்தை அளந்து சொல்லுங்கள். அதோடு, வாசல் விளக்கின் சுவிட்ச் கதவைத் திறக்காமலே போடும்படி உள்ளே இருக்க வேண்டும்.

வாசலுக்கு வருபவர்கள்

நகைக்குப் பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்பவர், குடிக்கத் தண்ணீர் கேட்பவர், வாடகைக்கு வீடு விசாரிப்பவர், அடுப்பைச் சோதிக்க வந்திருக்கிறோம் என்று அட்டையைக் காட்டுபவர் என்று வருகிறவர்களின் வேடங்கள் பலவாக இருந்தாலும், அவர்களுக்கு வேண்டியது கதவு திறப்பது ஒன்றுதான். இதற்கு ஒரே விதி போதும்: நாம் கூப்பிடாமல் வந்த எவருக்கும் கிரில் கேட் திறக்கப்படாது, பேச்சு கிரிலுக்கு இந்தப் பக்கம் நின்றுதான். தண்ணீர் கொடுப்பதற்கு மனம் கேட்காது என்பவர்களுக்காக, அம்மா வாசல் திண்ணையில் ஒரு மண்பானையையும் டம்ளரையும் வைத்துவிட்டார்.

மார்கழி இருட்டில் வாசலில் குனிந்து கோலம் போடும்போது பின்னால் வீடு திறந்து கிடப்பதும், கழுத்துச் சங்கிலி வெளியே தொங்குவதும் பறிப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதிகள். கோலத்தை நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமையில்லை. வெளிச்சம் வந்தபின் போடலாம், சங்கிலியை முந்தானையால் மூடிக்கொள்ளலாம், கேட்டைச் சாத்திச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளலாம். மீதி நகைகள் வங்கி லாக்கரில் இருக்கட்டும். லாக்கரைக் கூட்டுப் பெயரில் வைத்து, வாரிசு நியமனத்தையும் முடித்துவிடுங்கள்.

ஊருக்கு வெளியே தோட்டத்து வீட்டில் தனித்திருப்பவர்களின் நிலை வேறு. 2024 நவம்பரில் பல்லடம் பக்கமும், 2025-இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கமும் அப்படிப்பட்ட வீடுகளில் முதியவர்கள் கொல்லப்பட்ட பிறகு, கொங்கு நாட்டில் இதைப் பற்றிய அச்சம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. கூப்பிட்டால் குரல் கேட்கும் தூரத்தில் எவரும் இல்லாத வீட்டில், பூட்டை எவ்வளவு பலப்படுத்தினாலும் அது தாமதப்படுத்துமே ஒழியக் காப்பாற்றாது. இரவுத் துணைக்கு ஆள் வைப்பது, அல்லது இரவில் மட்டும் ஊருக்குள் உறவினர் வீட்டில் தங்குவது என்ற பேச்சை அங்கே தயங்காமல் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. காவல் நிலையத்தில் அவர் தனியாக இருப்பதைத் தெரிவித்து, ரோந்துப் பட்டியலில் வீட்டைச் சேர்க்கக் கேளுங்கள்.

மின்சாரமும் அடுப்பும்

மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., பழைய பெயரில் இ.எல்.சி.பி., மெயின் பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி, உடனே மின்சாரம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் அந்தக் கருவி இருந்தும் இல்லாததுதான். வாளித் தண்ணீரில் போட்டுச் சூடாக்கும் ஹீட்டர் ராடை அன்றைக்கே வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். கீஸர் இருந்தால், குளிக்க இறங்குவதற்கு முன் அணைத்துவிட வேண்டும்.

எரிவாயுவில் மூன்று காரியங்கள்: இரவில் படுக்கும்முன் ரெகுலேட்டரை மூடுவது, ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது, சிலிண்டரைக் கொண்டுவருபவரையே பொருத்திச் சோதித்துக் கொடுக்கச் சொல்வது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். வாடை வந்தால் விளக்கு, ஃபேன் சுவிட்ச் எதையும் போடவோ அணைக்கவோ கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். மூக்கின் உணர்வு குறைந்தவர்களுக்கு இந்த வாடையே தெரியாது. அடுப்பை மறந்துவிடும் பழக்கம் தொடங்கியிருந்தால், நேரம் வைத்தால் தானே அணையும் இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறுவது நல்லது. பூஜை விளக்கை முந்தானை படாத உயரத்துக்கு ஏற்றிவையுங்கள்.

காலைச் செய்தியும் மூன்று சாவிகளும்

விலை அதிகமான எந்தக் கருவியையும்விடப் பயன்படுவது, அவர் நலமாக எழுந்துவிட்டார் என்பது தினமும் குறித்த நேரத்துக்குள் ஒருவருக்குத் தெரியும் ஏற்பாடு. ரோஜாப்பூவும் பிள்ளையாரும் போட்டுத் தினமும் வாட்ஸ்அப்பில் வந்து விழும் காலை வணக்கப் படங்களை நாம் அலுத்துக்கொள்கிறோம். அம்மாவிடம் நான் கேட்டுக்கொண்டதெல்லாம், அந்தப் படத்தை ஏழு மணிக்குள் அனுப்பிவிட வேண்டும் என்பதுதான். ஏழு மணிக்குப் படம் வரவில்லையென்றால் நான் அழைப்பேன். இரண்டு அழைப்புகளையும் எடுக்கவில்லையென்றால் ஏழேகாலுக்கு எதிர்வீட்டு அக்கா போய் மணி அடிப்பார். பதில் இல்லையென்றால் சாவியால் திறந்து உள்ளே போவார். 'தொந்தரவாக இருக்குமோ' என்று அவர் தயங்காதபடி, உள்ளே போகும் உரிமையை அம்மாவே அவரிடம் என் முன்னால் சொல்லிவைத்தார். அந்தப் பேச்சு அவசியம் நடக்க வேண்டும். கையில் சாவி இருந்தும் பிறர் வீட்டுக்குள் நுழையக் கூச்சப்பட்டு வாசலிலேயே நிற்பவர்கள்தான் அதிகம்.

சாவி மூன்று இடங்களில் இருக்கட்டும்: ஐந்து நிமிடத்தில் வந்துசேரக்கூடிய இரண்டு வீடுகள், மூன்றாவதாக உங்களிடம். ஒருவர் மட்டும் என்றால் அவர் திருப்பதிக்குப் போன நாளில்தான் தேவை வரும். சாவிக்கொத்தில் வீட்டு எண்ணையோ தெருப்பெயரையோ எழுதாதீர்கள்.

கருவிகள்

கேமரா வைப்பதாக இருந்தால் வாசலையும் கொல்லைக் கதவையும் பார்க்கும்படி வையுங்கள். கூடத்தில் வைப்பது அவர் முழு மனதோடு சம்மதித்தால் மட்டுமே. படுக்கையறைக்கும் குளியலறைக்கும் பேச்சே இல்லை. கேமராவுக்கும் வைஃபை ரூட்டருக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு வேண்டும், இல்லையென்றால் மின்வெட்டு நேரத்தில் இரண்டும் படுத்துவிடும். கேமராவோடு வந்த கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். அதில் பேசும் வசதி இருந்தால், முன்னறிவிப்பு இல்லாமல் பேசாதீர்கள். ஆளில்லாத கூடத்தில் திடீரென்று மகன் குரல் கேட்டு அம்மா காப்பி டம்ளரைக் கீழே போட்டது என் அனுபவம்.

குளியலறைக்குக் கைப்பேசி போகாது என்பதால், அங்கே ஒரு தனி ஏற்பாடு தேவை. வயர் இல்லாத காலிங் பெல்லை வாங்கி, அதன் பொத்தானைக் குளியலறைச் சுவரில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் ஒட்டி, மணியைப் பக்கத்து வீட்டுக் கூடத்தில் மாட்டிவிடலாம். விழுந்தவரின் கை எட்டும் உயரம் அதுதான். நீர் புகாத பொத்தானாகப் பாருங்கள். சுவர்களைத் தாண்டி மணி அடிக்கிறதா என்று எல்லாக் கதவுகளையும் சாத்திவிட்டுச் சோதித்த பிறகே ஒட்டுங்கள். விழுந்ததைத் தானே உணரும் கைக்கடிகாரங்களும் இருக்கின்றன, தினமும் சார்ஜ் போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு அவை உதவும். ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்கள் தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியைப் போட்டுக்கொள்ளலாம்.

தொலைபேசி வழியாக வரும் திருடன்

இவனுக்குக் கதவே தேவையில்லை. 'உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்' என்று சீருடையோடு வீடியோ அழைப்பில் மிரட்டுவது, 'இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று குறுஞ்செய்தி அனுப்புவது, ஓய்வூதியர்களிடம் வாழ்நாள் சான்றிதழைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்பது ஆகியவை இப்போது நடப்பவை. டிஜிட்டல் கைது என்ற ஒன்று நம் சட்டத்தில் கிடையாது என்பதை அவருக்குப் பலமுறை சொல்லுங்கள். பணம் பற்றி எவர் பேசினாலும் 'என் பிள்ளையைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்' என்று துண்டிக்கலாம் என்ற அனுமதியைக் கொடுங்கள். ஓய்வூதியம் வரும் கணக்கை யு.பி.ஐ.யில் இணைக்காமல், அன்றாடச் செலவுக்குச் சிறு தொகை மட்டும் உள்ள வேறொரு கணக்கை இணைப்பது நஷ்டத்துக்கு ஓர் எல்லை கட்டும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். சீக்கிரம் அழைத்தால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்புண்டு.

சுவரில் ஒரு தாள்

தொலைபேசிக்கு அருகில் பெரிய எழுத்தில் தமிழில் ஒரு தாள் ஒட்டுங்கள். அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, முதியோர் உதவி எண் 14567, சாவி வைத்திருப்பவர்களின் எண்கள், உங்கள் எண், வீட்டு முகவரி, அதற்குக் கீழே ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டிய அடையாளம். பதற்றத்தில் சொந்த வீட்டு முகவரியே நாக்கில் வராது. 'பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச்சந்து, மூன்றாவது வீடு, நீல கேட்' என்று படித்துச் சொன்னால் வண்டி வந்துவிடும். சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை, இரத்த வகை ஆகியவற்றை வேறொரு தாளில் எழுதி, மருத்துவக் காப்பீட்டு அட்டையின் நகலோடு ஒரே பையில் வையுங்கள்.

ஒத்திகை

எல்லாம் முடிந்தபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அனைவரிடமும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஒத்திகை பாருங்கள். முதியவர் குளியலறையில் நாற்காலியில் உட்கார்ந்து தாழ்வான பொத்தானை அழுத்தட்டும். நீங்கள் கைக்கடிகாரத்தோடு வாசலில் நில்லுங்கள். எங்கள் முதல் ஒத்திகையில் எதிர்வீட்டு அக்கா வந்துசேரப் பதினோரு நிமிடங்கள் ஆயின. மணி அடித்தது மிக்ஸி சத்தத்தில் கேட்கவில்லை. கேட்ட பிறகு சாவி எந்த டப்பாவில் என்று தேடினார். கடைசியில் கிரில் பூட்டு துருப்பிடித்துத் திரும்பவில்லை. மணியை அவர் சமையலறை வாசலுக்கு மாற்றி, சாவியை அவர் வீட்டு நிலைக்கதவுக்குப் பின்னால் மாட்டி, பூட்டுக்கு எண்ணெய் விட்ட பிறகு நடந்த இரண்டாவது ஒத்திகையில் நான்கு நிமிடங்கள் ஆயின. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நான் ஊருக்குப் போகும் ஞாயிறுகளில், பூட்டுக்கு எண்ணெய் விடுவது, பெல்லின் பேட்டரியை மாற்றுவது, ஒத்திகை பார்ப்பது மூன்றையும் ஒன்றாக முடித்துவிடுகிறோம். அன்றைக்கு அக்கா வீட்டுக்கும் சேர்த்து அம்மாதான் காப்பி போடுவார்.